மோதலையும் வெப்பத்தையும் சமையலறையில் அளப்பது எப்படி

சூடாக்கினால் வினை ஏன் வேகமாகிறது என்று உயர்நிலை மூன்று, நான்கில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: துகள்கள் வேகமாக ஓடும், அதனால் அதிகம் மோதும். தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டால் இந்தப் பதில் எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். மூடிய கலனில் உள்ள வாயுவை 27 பாகை செல்சியசிலிருந்து 37 பாகைக்குச் சூடாக்கினால் மோதல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.6 விழுக்காடுதான் கூடுகிறது. வினையின் வேகமோ பல வினைகளில் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. மீதி எங்கிருந்து வந்தது?

அதைப் பிடித்துவிட்டால் இந்தப் பாடத்தில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். மருந்துக்கடையிலும் பேரங்காடியிலும் கிடைக்கும் பொருள்களை வைத்து, சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறை மேசையில் அதை அளந்தும் பார்க்கலாம்.

எந்த மோதல் பலிக்கும்

அறைக் காற்றில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக நொடிக்கு 475 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஒரு நொடிக்குள் பல நூறு கோடி முறை மற்ற மூலக்கூறுகளோடு இடிபடுகிறது. இடித்ததெல்லாம் வினையாக மாறுமானால் எந்த வாயுக் கலவையும் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காது. கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் காயைத் தொட்டாலே காய் குழிக்குள் போய்விடுவதில்லை. போதிய விசையும் வேண்டும், சரியான கோணமும் வேண்டும். மூலக்கூறுகளுக்கும் இந்த இரண்டு நிபந்தனைகளே. மோதும்போது இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆற்றலுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். வகுப்பில் ஆக்டிவேஷன் எனர்ஜி என்று கேட்டிருப்பார்கள்.

வெப்பநிலைக்கும் வினைவேகத்துக்கும் உள்ள தொடர்பை 1889இல் ஸ்வீடன் நாட்டு அர்ஹீனியஸ் சமன்பாடாக எழுதினார். மோதல் கொள்கையை ஜெர்மனியில் மாக்ஸ் டிராட்ஸ் 1916இலும் பிரிட்டனில் வில்லியம் லூயிஸ் 1918இலும் தனித்தனியே வகுத்தார்கள். கிளர்வு ஆற்றல் மோலுக்கு (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) 50 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டு அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டால், 27 பாகையில் ஏறத்தாழ 50 கோடி மோதல்களில் ஒன்றுக்குத்தான் அந்த ஆற்றல் இருக்கும். 37 பாகையில் 27 கோடியில் ஒன்றுக்கு இருக்கும். மேலே கேட்ட மீதி இங்கேதான் இருக்கிறது: மோதல்கள் கூடியது துளி, பலிக்கும் மோதல்களின் பங்கு கூடியது ஏறக்குறைய இரு மடங்கு.

ஆகவே எந்த வினையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு நொடிக்கு எத்தனை மோதல்? அதில் எத்தனை பலிக்கிறது? எல்லாம் முடிந்தபின் வெப்பம் வெளியே வந்ததா, உள்ளே போனதா? செறிவும் புறப்பரப்பும் முதல் கேள்வியைச் சேர்ந்தவை. வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள், இரண்டாவதைச் சேர்ந்தது. வெப்பநிலை முதலாவதைக் கொஞ்சமும் இரண்டாவதை மிகுதியாகவும் மாற்றுகிறது. மூன்றாவது கேள்விக்கு வேகத்தோடு தொடர்பே இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வாங்க வேண்டியவை

நீரில் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரை ஒரு குழல், 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு புட்டி, உலர் ஈஸ்ட், சிட்ரிக் அமிலத் தூள், சமையல் சோடா. கருவிகளில் இறைச்சிக்குப் பயன்படுத்தும் கம்பி வெப்பமானி ஒன்று, அளவுக் குவளை ஒன்று, ஒரே மாதிரியான கண்ணாடிக் குவளைகள் மூன்று, காகிதக் கோப்பைகள் சில, கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரம். தராசு 0.1 கிராம் காட்டினால் நல்லது. வெளியேறும் வாயுவின் எடையை 1 கிராம் தராசில் பார்க்க முயல வேண்டாம்: 1 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிந்தாலே 0.52 கிராம் கரியமில வாயுதான் வரும்.

பாத்திரத்தையோ தொட்டியையோ முன்பு பிளீச் ஊற்றிக் கழுவியிருந்தால் நன்றாக அலசிவிட்டுத் தொடங்குங்கள். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும். பெராக்சைடு கையாளும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். 3 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ளது இந்தச் சோதனைகளுக்குத் தேவையே இல்லை.

வெப்பநிலை: மாத்திரையும் கடிகாரமும்

மாத்திரையில் சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் உலர்ந்த நிலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. உலர்ந்திருக்கும்வரை துகள்கள் இடம்பெயர முடியாது, மோதல் இல்லை. நீர் பட்டதும் அயனிகள் நகர்கின்றன, வினை தொடங்குகிறது. சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். குழலைத் திறந்து வைத்தால் மாத்திரை மெல்ல வினைபுரிந்து வீணாகும். மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளை வைத்திருப்பது இதற்காகத்தான். சோதனைக்கான மாத்திரைகளை ஒரே குழலிலிருந்து, ஒரே நாளில், ஒவ்வொன்றாக எடுங்கள்.

மூன்று குவளைகளில் தலா 200 மி.லி. நீர். ஒன்று பனிக்கட்டி போட்டு 5 பாகைக்குக் குளிர வைத்தது. போடுமுன் பனிக்கட்டியை முழுவதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை அதன்மேல் ஏறிப் பாதி நனையாமல் நிற்கும். இரண்டாவது குழாய்நீர், இங்கே அது 28 முதல் 30 பாகை இருக்கும். பாடநூல்கள் அறை வெப்பநிலை என்று எழுதும் 25 பாகையை நம் சமையலறைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அளந்ததை எழுதுங்கள். மூன்றாவது, கொதித்த நீரைக் குழாய்நீரோடு கலந்து 50 பாகைக்குக் கொண்டுவந்தது.

மாத்திரையைப் போட்ட நொடியில் கடிகாரத்தை ஓடவிட்டு, கடைசித் துண்டு மறையும்போது நிறுத்துங்கள். குமிழி நிற்கும் நேரத்தை முடிவாக வைத்தால் ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு விடை தரும். கலக்கக் கூடாது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். குளிர்நீர் சோதனை நீளும்போது நீர் மெல்லச் சூடேறும். தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து நடுவில் உள்ளதை எழுதுங்கள்.

நேரத்தை அப்படியே வரைபடத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வேகம் வேண்டுமானால் 1 ÷ நேரம் போட வேண்டும். 60 நொடி எடுத்தால் வேகம் 0.0167, 30 நொடி எடுத்தால் 0.033. கோடு நேராக ஏறாது. சூடு ஏற ஏற மேல்நோக்கி வளையும்.

மேல்நிலைக்குப் போகிறவர்கள் இன்னொரு படி ஏறலாம். இரண்டு வெப்பநிலைகளையும் கெல்வினில் எழுதுங்கள், அதாவது செல்சியஸோடு 273 கூட்டுங்கள். பிறகு:

கிளர்வு ஆற்றல் = 8.314 × இயல் மடக்கை, அதாவது கணிப்பானில் ln, (குளிர்நீர் நேரம் ÷ வெந்நீர் நேரம்) ÷ (1 ÷ குளிர்நீர் வெப்பநிலை − 1 ÷ வெந்நீர் வெப்பநிலை)

எடுத்துக்காட்டாக 303 கெல்வினில் 60 நொடி, 323 கெல்வினில் 30 நொடி என்றால் விடை ஏறத்தாழ 28,000 ஜூல், அதாவது மோலுக்கு 28 கிலோஜூல். உங்களுக்கும் இதுபோலச் சிறிய எண் வந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். மாத்திரையில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வினை மட்டுமல்ல. திண்மம் கரைவதும், கரைந்தது நீரில் பரவுவதும் சேர்ந்தே நேரத்தைத் தீர்மானிக்கின்றன. நீரில் பரவுதலுக்கு உள்ள தடை மோலுக்கு 15 முதல் 20 கிலோஜூல்தான். மாத்திரைச் சோதனையை வினைவேகத்துக்கான சுத்தமான அளவீடு என்று அறிக்கையில் எழுதாமல், இந்த வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்கள் தேடும் வரி அது.

புறப்பரப்பு

2 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 24 சதுர செ.மீ. அதை 1 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 48. ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நொறுக்கினால் 480. பொருள் அதே எடை. மோத இடம் கொடுக்கும் முகம் 20 மடங்கு.

முழு மாத்திரை, நான்காக உடைத்தது, பொடித்தது என்று மூன்று குவளைகளில் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். பொடிக்கு உயரமான குவளை எடுங்கள், பொங்கி வழியும். பொடித்த கிண்ணத்தில் ஒட்டிய தூளையும் தட்டிப் போடாவிட்டால் எடை குறைந்து ஒப்பீடு கெட்டுப்போகும். சில சமயம் பொடி நீரின்மேல் கட்டியாக மிதந்து எதிர்பார்த்ததைவிட மெதுவாகக் கரையும். நனையாத முகம் கணக்கில் வராது என்பதற்கு அதுவே சான்று.

2021 பிப்ரவரி 24 அன்று துவாஸில் ஒரு தொழிற்கூடத்தில் கலவை இயந்திரம் வெடித்து, அதைத் தொடர்ந்து உருளைக்கிழங்கு மாவுத்தூள் தீப்பற்றியதில் மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். மூட்டையில் கிடக்கும் மாவு எளிதில் எரியாது. காற்றில் பறக்கும் அதே மாவின் ஒவ்வொரு துகளையும் ஆக்சிஜன் சூழ்ந்திருக்கிறது. வீட்டில் மாவுத்தூளைத் தீயருகே ஊதிக் காட்டும் வேடிக்கையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

வினையூக்கியும் செறிவும்: பெராக்சைடும் ஈஸ்டும்

ஹைட்ரஜன் பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையும்போது மோலுக்கு 98 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. இவ்வளவு வெப்பத்தை உமிழக்கூடிய பொருள் மருந்துக்கடை அலமாரியில் மாதக்கணக்கில் சும்மா இருக்கிறது. காரணம், துணை இல்லாமல் சிதைய அதற்கு மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் வேண்டும். அயோடைடு அயனி சேர்த்தால் அது 56 அளவுக்கு இறங்கும். ஈஸ்டில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதையும்விட வெகுவாக இறக்கிவிடும். மூன்றாவது கேள்விக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை என்று மேலே சொன்னது இந்தப் புட்டிக்குள்ளேயே இருக்கிறது.

உலர் ஈஸ்ட் 3 கிராமை 35 பாகை நீர் 15 மி.லி.யில் கரைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு காகிதக் கோப்பைகளை அகலக் கிண்ணத்தில் நிறுத்தி, 50 மி.லி. பெராக்சைடு ஊற்றி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஈஸ்ட் கரைசலைச் சேருங்கள். நுரை எழும், வெப்பமானி ஏறும். எவ்வளவு ஏற வேண்டும்? 50 மி.லி.யில் 1.5 கிராம் பெராக்சைடு, அது 0.044 மோல், அதிலிருந்து 4.3 கிலோஜூல். 65 கிராம் நீரைச் சூடாக்க இது 16 பாகைக்குப் போதும். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும்: கோப்பை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், நுரையோடு கொஞ்சம் போகும். திறந்து நாளான புட்டியில் பெராக்சைடே பாதி சிதைந்திருக்கலாம். ஒளி பட்டாலும் அது சிதையும், பழுப்புப் புட்டி அதற்காகத்தான்.

இதே 50 மி.லி. அரை லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் தரும். ஆகவே ஈஸ்ட் சேர்த்த பெராக்சைடை எந்த நிலையிலும் மூடியுள்ள புட்டியில் அடைக்கக் கூடாது. அருகில் தீயும் கூடாது.

அடுத்து இன்னொரு 3 கிராம் ஈஸ்டை நீரில் கரைத்துச் சில நிமிடம் கொதிக்க வைத்து, 35 பாகைக்கு ஆறவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். நுரை ஏறக்குறைய வராது. நொதி ஒரு புரதம். கொதியில் அதன் வடிவம் குலைந்து, மூலக்கூறைச் சரியான கோணத்தில் பிடிக்கும் இடம் போய்விடுகிறது. "சூடு கூடினால் வேகம் கூடும்" என்ற விதியை நொதி உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பிள்ளைகள் இதை ஒருமுறை பார்த்தால் போதும். வெறும் சுடுநீரில் கலக்கினால் நொதியில் கொஞ்சம் தப்பிவிடும், முடிவு குழப்பும். கொதிக்கவே வேண்டும்.

செறிவுக்கு: உயரமான குவளைகளில் 50 மி.லி. பெராக்சைடு ஒன்று, 25 மி.லி. பெராக்சைடும் 25 மி.லி. நீரும் ஒன்று. இரண்டிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, ஒரே அளவு ஈஸ்ட் கரைசல். முதல் 30 நொடியில் நுரை எட்டிய உயரத்தை அளங்கள். நீர் சேர்க்காமல் 25 மி.லி. பெராக்சைடை மட்டும் ஊற்றினால் நீங்கள் குறைத்தது அளவைத்தான். ஈஸ்ட் கரைசல் கலந்தபின்னும் செறிவு பாதியாகாது, அந்தச் சோதனை செறிவைப் பற்றி எதுவும் சொல்லாது. இறுதி உயரத்தையும் ஒப்பிட வேண்டாம். பெராக்சைடு பாதியென்றால் வாயுவும் பாதிதான் வரும், அது மொத்தம் பற்றியது, வேகம் பற்றியதன்று.

குளிரும் வினை

50 மி.லி. குழாய்நீரில் 5 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அது முழுவதும் கரைந்தபின் வெப்பநிலையைக் குறியுங்கள். கரைதலே கொஞ்சம் குளிர்விக்கும், அதை வினையின் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிறகு 6.5 கிராம் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஏறத்தாழ 1.9 லிட்டர் வாயு வரும், ஆகவே பெரிய பாத்திரம் வேண்டும். வெப்பமானி கண்ணெதிரே பல பாகை இறங்கும்.

வெப்பம் கொள்ளும் வினை என்றால் அடுப்பில் வைத்தால்தான் நடக்கும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. கிளர்வு ஆற்றல் சிறியதாக இருந்தால் அறை வெப்பநிலையிலேயே போதிய மோதல்கள் பலிக்கும். வினைக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள நீரிடமிருந்து அது எடுத்துக்கொள்ளும். ஜூரோங் தீவில் எத்திலீன் தயாரிக்கும் உலைகளில் நடக்கும் வினையும் வெப்பம் கொள்வதுதான். அங்கே கிளர்வு ஆற்றலும் மிக அதிகம், ஆகவே 800 பாகைக்கு மேல் இடைவிடாமல் சூடேற்றுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் சமையல் அடுப்பு. குழாயில் வரும் நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் முக்கியப் பங்கு. அது எரிந்தால் ஏராளமான வெப்பம் வரும், ஆனால் குமிழைத் திருப்பிப் பொறி தட்டாவிட்டால் வாயு காற்றோடு கலந்து நிற்கும், அவ்வளவே. பொறி ஒரு சிறு இடத்தில் சில மூலக்கூறுகளைத் தடையைத் தாண்ட வைக்கிறது. அவை உமிழும் வெப்பம் பக்கத்தில் உள்ளவற்றைத் தாண்ட வைக்கிறது.

இதையே பிணைப்பு ஆற்றலில் எழுதிப் பாருங்கள். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் நீராவியாகின்றன. உடைய வேண்டியவை: ஹைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டு, தலா 436, ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஒன்று, 498. மொத்தம் 1370 கிலோஜூல் உள்ளே போகிறது. உருவாகின்றவை: ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு நான்கு, தலா 463. மொத்தம் 1852 வெளியே வருகிறது. வித்தியாசம் 482 கிலோஜூல் வெளியே, ஆகவே வெப்ப மாற்றத்தின் குறி எதிர்மம். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்று எழுதினால் மதிப்பெண் அங்கேயே போய்விடும். உடைப்பதற்கு எப்போதும் செலவு, சேர்வதில்தான் வரவு. நான்கு பிணைப்புக்குப் பதிலாக இரண்டைப் பெருக்குவது இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் கைத்தவறு. சமன்பாட்டைப் படமாக வரைந்து கோடுகளை எண்ணினால் தப்பலாம்.

படமும் விடையும்

ஆற்றல் படம் வரையும்போது கிளர்வு ஆற்றலின் அம்பு வினைபடு பொருள்களின் மட்டத்திலிருந்து மேட்டின் உச்சிவரை. அடிக்கோட்டிலிருந்து தொடங்கினால் தவறு. வெப்ப மாற்றத்தின் அம்பு வினைபடு பொருள் மட்டத்திலிருந்து விளைபொருள் மட்டத்துக்கு. ஒரு பக்கம்தான் முனை, வெப்பம் உமிழும் வினையில் கீழ்நோக்கி, வெப்பம் கொள்ளும் வினையில் மேல்நோக்கி. வினையூக்கி போட்ட கோட்டுக்கு மேடு மட்டும் தாழும், தொடக்கமும் முடிவும் அசையாது.

ஓ லெவல் தேர்வு என்றாலும் அதற்குப் பின்வரும் எஸ்இசி (உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்) தேர்வு என்றாலும் விடையில் இருக்க வேண்டிய சங்கிலி ஒன்றே. வெப்பநிலைக்கு: துகள்களின் இயக்க ஆற்றல் கூடுகிறது, கிளர்வு ஆற்றலுக்குச் சமமாகவோ அதிகமாகவோ ஆற்றல் உள்ள துகள்கள் கூடுகின்றன, பயனுள்ள மோதல்கள் அடிக்கடி நிகழ்கின்றன. நடுவில் உள்ள கண்ணியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செறிவுக்கு "துகள்கள் அதிகம்" என்று நிறுத்தாமல் "ஒரே கன அளவில் துகள்கள் அதிகம்" என்று எழுத வேண்டும். "மோதல்கள் கூடும்" என்பதும் அரைகுறை. நேரம் கொடுத்தால் மெதுவான வினையிலும் மொத்த மோதல்கள் கூடிக்கொண்டேதான் போகும். "ஒரு நொடிக்கு" அல்லது "அடிக்கடி" என்பது விடையில் இருக்க வேண்டும். வினையூக்கி துகள்களுக்கு ஆற்றல் தருவதாக எழுதாதீர்கள். அது தாழ்ந்த தடை உள்ள வேறு பாதையைத் தருகிறது. அழுத்தம் பற்றிய கேள்வியில் முதலில் வினைபடு பொருள்களின் நிலையைப் பாருங்கள்: வாயு ஒன்றாவது இருந்தால்தான் அழுத்தம் வேகத்தை மாற்றும், இரண்டும் கரைசலாக இருந்தால் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதே விடை.